ஒரு வாளி நல்ல தண்ணீர்

என் அண்ணனோடு நான் மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன். ஒரே வீடுதான். கீழே அவன் குடும்பம், மாடியில் நான். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தால் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்தி, அவன் எழுந்து உள்ளே போகும்வரை காத்திருப்பேன். அவ்வளவு வெறுப்பு. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "ஒரு வாளித் தண்ணில என் வாழ்க்கைய முடிச்சிட்டான்."

அண்ணன் மீன்பிடித் துறைமுகத்தில் வள்ளங்களுக்கு எஞ்சின் பார்ப்பவன். கடலுக்குப் போன எஞ்சின் கரைக்கு வந்ததும் அவன் செய்கிற முதல் காரியம், அதன் மேல் ஒரு வாளி நல்ல தண்ணீரை ஊற்றுவது. உப்பு உட்கார்ந்துவிட்டால் இரும்பைத் தின்றுவிடும் என்பான். சம்சாரத்தோடு சண்டை போட்டுவிட்டு வந்தாலும், காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்தாலும் அவன் கை தானாக வாளியைத் தேடும். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் பைக் பந்தயத்துக்கு அவனைக் கூப்பிட்டேன். கார்புரேட்டர் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லக்கூடிய ஆள் வேறு யாரும் எனக்கு இல்லை.

பந்தயம் வேம்பார் போகிற சாலையோரம், உப்பெடுப்பதை விட்டுவிட்ட பாத்திகளில் நடந்தது. கோடையில் காய்ந்து இறுகிய தரை. நாற்பது சுற்று. நடுவில் ஒரு முறை கட்டாயம் நிறுத்தி பெட்ரோல் போட வேண்டும், எஞ்சினை அணைத்துவிட வேண்டும், வண்டியைத் தொட ஓட்டுகிறவனைத் தவிர ஒரே ஒரு ஆள்தான். கோயம்புத்தூரிலிருந்து பந்தய அணி நடத்தும் ஒருவர் வந்திருந்தார். ஜெயிக்கிறவனை அடுத்த சீசனுக்குத் தன் அணியில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒருவனைத்தான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. துறைமுகத்தில் கண்டெய்னர் எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. அந்த அணிக்குள் நுழைந்துவிட்டால் அந்த யார்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டியதில்லை.

இருபதாவது சுற்றில் நான்தான் முதலில் இருந்தேன். உப்புத்தூள் ஏறி ஒருவனுக்குச் செயின் அறுந்தது. இன்னொருவனுக்கு கிளட்ச் கேபிள் போயிற்று. எனக்குப் பின்னால் வந்தவன் எட்டயபுரத்துப் பையன், அரைச் சுற்று தள்ளி வந்தான். அவன் எனக்கு முன்பே பெட்ரோலுக்கு நிறுத்தினான். டேங்க் மூடி இறுகிக்கொண்டு, அவனுடைய ஆள் தடுமாறியதை ஓட்டிக்கொண்டே பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இனி நானாகக் கெடுத்துக்கொண்டால் ஒழிய இது என் பந்தயம்.

அடுத்த சுற்றில் நான் நிறுத்தினேன். அண்ணன் புனல் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் பெட்ரோல் ஊற்றினான். மூடியைத் திருகினான். நான் கிக்கர் மேல் காலை வைத்தேன். அதற்குள் அவன் பின்னால் கையை நீட்டி, தயாராக வைத்திருந்த வாளியை எடுத்து எஞ்சின் மேல் மடமடவென்று ஊற்றிவிட்டான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. உதைத்தேன். மறுபடி உதைத்தேன். வண்டி இருமக்கூட இல்லை. பிளக் மூடிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது.

"அறிவிருக்காலே ஒனக்கு?" என்று கத்தினேன். கூடப்பிறந்த மூத்தவனை ஊர் முன்னால் ஏலே போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பழக்கதோஷம்லே. கரைக்கு வந்தா கை சும்மா இருக்க மாட்டங்கு" என்றான்.

அதன்பிறகு நடந்ததை ஊரில் நான் இப்படித்தான் சொல்லிவந்தேன். வண்டி மூன்று நிமிஷம் செத்துக் கிடந்தது, அவன் மரம் மாதிரி நின்றான், நானே மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக் கிளப்பினேன். மிச்சச் சுற்றுகளில் உயிரைக் கொடுத்து ஓட்டினேன். அரை நிமிஷத்தில் தோற்றேன்.

கோயம்புத்தூர்க்காரர் என்னிடம் வந்து, "நல்லா ஓட்டினீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எட்டயபுரத்தான் தோளில் கை போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அண்ணன் வெற்று உடம்போடு, நெஞ்செல்லாம் சேறாக எங்களை நோக்கி வந்தான். பெரிய மனுஷன் ஒருவர் நிற்கிற இடத்தில் வள்ளத்தில் நிற்கிற மாதிரி ஒரு கோலம். "போயி சட்டையப் போடுலே, மானத்த வாங்காத" என்றேன். திரும்பிப் போய், பைக்கை ஏற்றிவந்த லோடு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதையும் அவன் மேல் இருந்த குற்றங்களோடு சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் அவனைக் கேலிப்பொருள் ஆக்கினேன். டீக்கடையில், கோயில் வளாகத்தில், துறைமுக வாசலில் என்று ஒரு இடம் விடவில்லை. "எங்கண்ணன் கையில வாளிய மட்டும் குடுத்திராதீங்க" என்பேன். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. அவன் எங்கே தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலும் யாராவது, "பாத்து ஊத்தும், நின்னுரப் போவுது" என்றார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

போன வருஷம் அவன் மகளுக்குப் புதுநன்மை வந்தது, சர்ச்சில் முதல் தடவை நற்கருணை வாங்கும் விழா. அழைக்க அண்ணன் வரவில்லை. அவன் சம்சாரம், மைனிதான் மாடியேறி வந்தாள். "அவன் மொதல்ல வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும், பொறவு பாப்போம்" என்றேன். மைனி உட்காரவில்லை. போனை எடுத்து எதையோ தேடி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதப் பாருங்க கொழுந்தனாரே. பொறவு யாரு யார்ட்ட கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

பந்தயத்தன்று கூட்டத்தோடு நின்று அவள் எடுத்த வீடியோ. எஞ்சினிலிருந்து தண்ணீர் வடிந்து முடிவதற்குள் அண்ணன் இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவி பிளக் மூடிக்குக் குனிகிறான். நான் அவன் கையைத் தட்டிவிடுகிறேன். துணி சேற்றில் விழுகிறது. அவன் மறுபடி குனிகிறான். நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறேன். அந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறான். நான் ஹேண்டிலைத் திருப்பி மறிக்கிறேன். கத்துகிறேன், அவனைச் சுட்டிக்காட்டிக் கூட்டத்திடம் நியாயம் கேட்கிறேன். பின்னால் எட்டயபுரத்தான் சர்ரென்று கடந்து போகிறான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து நான் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் தன் கட்டம்போட்ட நீலச் சட்டையைக் கழற்றுகிறான். காய்ந்த துணி என்று அங்கே அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மூடிக்குள் சட்டையின் முனையைத் திணித்துத் துடைக்கிறான், மாட்டுகிறான், அவனே உதைக்கிறான். வண்டி உறுமுகிறது. நான் ஏறிக் கிளம்ப, பின்சக்கரம் சேற்றை வாரி அவன் நெஞ்சில் அடிக்கிறது.

துணியைத் தட்டிவிட்டதிலிருந்து அவன் சட்டையைக் கழற்றியதுவரை ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. துடைத்துக் கிளப்ப இருபது விநாடி. நான் தோற்றது அரை நிமிஷத்தில்.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "மூணு வருஷம் வச்சிருந்துட்டு இப்பத்தான் காட்டணுமா?" என்று மைனியிடம் எரிந்து விழுந்தேன்.

"அன்னைக்கே அவருட்ட காட்டுனேன். ஒருத்தருக்கும் காட்டாத, அதுல தம்பி மொகம் பாக்கச் சகிக்கலன்னுட்டாரு." போனை மடியில் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

புதுநன்மை அன்று தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாடு. போனேன். மாடிப்படி இறங்கும்போதே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன். தண்ணியால தோக்கல, என் வாயால தோத்தேன். எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட வேண்டும் என்று பந்தியின் நடுவில் பார்த்து உட்கார்ந்தேன். அண்ணன் ரச வாளியோடு இலை இலையாக வந்தான். என் இலைக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த பெரியப்பா மகன், "பாத்து ஊத்தும் அண்ணாச்சி, எஞ்சின் நின்னுரப் போவுது" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது.

இதுதான் நேரம் என்று வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். பழக்கதோஷம்.

அண்ணனும் சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றினான். "போதுமாலே?" என்றான். மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. தலையை ஆட்டினேன். அவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான். பந்தல் காலருகே அப்பளக் கூடையோடு நின்ற மைனி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.