சார்ஜரில் மணத்த சந்தனம்

போன ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக் கார் சார்ஜரில் சிவப்பு லைட். கார் பற்றரியில் மிச்சம் நூற்றுக்கு நாலு வீதம். மறுநாள் காலையில்தான் என் மனைவி வாணி முதல் தடவையாகத் தனியாகக் கார் ஓட்டி வேலைக்குப் போவதாக ஏற்பாடு!

இங்கே நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. பதினெட்டு வருடமாகப் பஸ்தான். ஐம்பத்திரண்டு வயதில், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்தவள். சிவப்பு லைட்டைக் கண்டதும் அவள் முகத்தில் வந்தது கவலையா? இல்லை... நிம்மதி!

"சகுனம் சரியில்லையப்பா. நான் பஸ்ஸிலையே போறன்."

விட்டால் அவ்வளவுதான், லைசென்ஸ் அலமாரியிலேயே கிடந்துவிடும். சுவிட்சை நிறுத்திப் போட்டேன். போனிலிருந்த கார் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். சிவப்பு அசையவில்லை. கடைசியில் தெரிந்த எலக்ட்ரீசியன் தவத்தைக் கூப்பிட்டேன்.

தவம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, காரில் செருகும் முனைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு — முகர்ந்தும் பார்த்தார்.

"அண்ணை, உள்ளுக்கை சந்தனமெல்லோ மணக்குது! இந்த ஈரத்தோடை எப்பிடிச் சார்ஜ் ஏறும்? ஆர் பூசினது?"

கேட்டபடியே வாணியைப் பார்த்தார். மறுநாள் பயணத்துக்காக அன்று காலை காருக்குப் பொட்டு வைத்து, சில்லுக்கடியில் தேசிக்காய் நசித்தவள் அவள்தானே!

"நான் பொனற்றிலை மட்டும்தான் வைச்சனான்," என்றாள்.

மிஞ்சியது யார்? சாமி, சடங்கு என்று இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதிக் கிண்டலடித்திருக்கிறேன்? சாட்சாத் அடியேன்தான். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு, 'கரண்ட் ஏறுவது இதன் வழியாகத்தானே, இதற்கும் ஒன்று இருக்கட்டும்' என்று யாரும் பார்க்காதபோது பூசிவிட்டேன். பயம்தான். பனி உறைந்து வழுக்கும் ரோட்டில் அவள் தனியே போகப் போகிறாளே!

ஒப்புக்கொண்டேன். தவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாணி சிரிக்கவில்லை.

"எனக்காகவோ வைச்சனீங்கள்?"

"ஓம்."

"அப்ப நாளைக்குக் காரிலைதான் போவன்."

தவம் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மறுபடி மின்சாரம் கொடுத்தார். பச்சை!

திங்கள் காலை கையசைத்துவிட்டுப் போனாள். நான் போன் ஆப்பில் காரின் பற்றரி வீதத்தைப் பார்த்தபடி ஜன்னலோரம் நின்றேன். எண்பது... எழுபத்தொன்பது... எழுபத்தெட்டு... குறைவது நின்றது. போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன்.

சாமி இல்லை என்கிறவனுக்கு ஆப்பாவது வேண்டாமா?