முதுகுக்கு முதுகு

உசிலம்பட்டிச் சந்தையில் சிவபாண்டி இருபது வருஷம் மூட்டை தூக்கினான். கடலை மூட்டையோ வெங்காய மூட்டையோ, பூனைக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்ட மாதிரி நடப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் லாரியிலிருந்து இறக்கும்போது இடுப்பில் சடக்கென்று ஒரு சத்தம். அன்றோடு மூட்டை போயிற்று, வலி தங்கிவிட்டது. இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான்.

அவன் பெண்டாட்டி மாயக்காள் பேரையூர்ப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பாவும் சிவபாண்டியின் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அதனால் முறைப்பெண்தான், பாவாடை கட்டின காலத்திலிருந்தே அவனை மாமா என்று கூப்பிடுகிறவள்.

சோற்றில் குறை சொல்லாமல் சிவபாண்டிக்குச் சாப்பாடு இறங்காது. புளி தூக்கல் என்பான், கருவாடு காந்திப் போச்சு என்பான். பெற்ற தாய் சமைத்ததையே விட்டுவைக்காதவன். ஆனால் இடுப்பு போன பிறகு மாயக்காள் ஒன்றைக் கவனித்தாள். வலி மிஞ்சுகிற நாளில் மட்டும் அவன் குறையே சொல்வதில்லை. "கொழம்பு நல்லாருக்கு" என்பான். ஏற்கெனவே இவளைப் பாடாய்ப் படுத்துகிறோம், சோற்றிலும் எதற்கு நொட்டை என்று அவனுக்கு எண்ணம். அந்த நல்ல வார்த்தையைக் கேட்டதுமே அவள் எழுந்துபோய் ஒத்தடத்துக்கு வெந்நீர் வைப்பாள்.

மதுரையில் பார்க்கும் டாக்டர் ஒரு தடவை கேட்டார். "வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"ரெண்டு இருக்கும் சார்."

"எட்டுன்னு எழுதுங்க சார்," என்றாள் மாயக்காள். "நேத்து எங்க வீட்டு ரசத்தப் பாராட்டிட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விவரம் கேட்டுச் சிரித்தவர், அதற்குப் பிறகு அவனிடம் வலியைக் கேட்பதே இல்லை. அவளைப் பார்த்து, "இந்த வாரம் சாப்பாடு எப்படிம்மா?" என்பார். தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அதில்தான் வந்தது வினை. சிவபாண்டியின் தங்கை முத்துச்செல்விக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை. மாசி மாதம், அவள் புருஷன் வீட்டுக் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். இரண்டும் முடியும்வரை தாய்மாமன் தரையில் சம்மணமிட்டுக் குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டும். எப்படியும் அரை மணி நேரம் ஆகும். சிவபாண்டியால் முடியாது, சித்தப்பா மகன் தங்கப்பாண்டிதான் உட்காருவான் என்று ஊருக்குள் பேச்சு. அதைக் கேட்டதிலிருந்து சிவபாண்டி சரியாகத் தூங்கவில்லை.

காதுகுத்தன்று காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தவன், "சட்னி அருமையா இருக்கு மாயக்கா," என்றான்.

"எட்டா, ஒம்போதா?"

"ரெண்டு."

"ரெண்டுக்கு அருமை வராது மாமா."

கோயிலில் தங்கப்பாண்டி பிளாஸ்டிக் சேரோடு வந்தான். "அண்ணே, இதுல உக்காருங்க. இல்லாட்டி நான் உக்காரவா?"

"சேர்ல உக்காந்து மடி குடுக்க நான் என்ன கலெக்டரா? தூக்கிட்டுப் போடா."

பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். முத்துச்செல்வி குழந்தையை மடியில் வைத்தாள். மொட்டை போடுகிறவர் தண்ணீர் தொட்டுக் குழந்தையின் தலையை நனைப்பதற்குள் அவன் உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. மாயக்காள் யாரையும் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, தன் முதுகை அவன் முதுகோடு ஒட்டி, கால் இரண்டையும் கல்தூணில் உதைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. சிவபாண்டியின் பெரியம்மா ஒச்சாயி, "ஏண்டி, புருசனோட கோவமா? மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்க," என்றாள்.

"ஆமா அத்தை. சாமி முன்னால சண்டை வேணாம்னுதான் திரும்பிக்கிட்டேன்."

கத்தி தலையில் இறங்க இறங்கக் குழந்தை நெளிந்தது. அவன் முதுகு கல்லாக இறுகும்போதெல்லாம் அது இவள் முதுகுக்குத் தெரிந்தது. தூணை உதைத்து அழுத்தம் கொடுப்பாள், கொஞ்சம் இளகும்.

"இன்னுங் கொஞ்சம் எடது பக்கம்," என்று முணுமுணுத்தான்.

"நான் என்ன லாரியா, எடது வலதுங்கிறீக?"

ஆசாரி முதல் காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டு மாமன் மீசையைப் பிடித்துத் தொங்கியது. இரண்டாவது காதும் முடிந்தது. விசும்பி விசும்பி, மொட்டைத் தலையை அவன் நெஞ்சில் சாய்த்து அப்படியே தூங்கிவிட்டது. முத்துச்செல்வி வாங்க வந்தபோது, "இருக்கட்டும்த்தா, முழிச்சிரும்," என்றான்.

"எனக்குக் காலு மரத்துப் போச்சு மாமா," என்றாள் பின்னாலிருந்து மாயக்காள். "நீங்க எப்ப முழிப்பீக?"

சிவபாண்டி தங்கப்பாண்டி பக்கம் கையை நீட்டினான். பிறகு, மூன்று வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததைச் சொன்னான். "டேய் தங்கம், கை குடுடா. இடுப்புல உயிர் போகுது."

முத்துச்செல்வி குழந்தையை வாங்கிக்கொண்டாள். தங்கப்பாண்டியும் மூன்று மாப்பிள்ளைமாரும் அள்ளித் தூக்கினார்கள். தூக்கியவர்கள் அவன் பின்னால் ஒருத்தி சாய்ந்திருப்பதை மறந்துவிட்டார்கள். முதுகுக்கு இருந்த முட்டு போனதும் மாயக்காள் மல்லாக்கத் தரையில் விழுந்தாள். பந்தல் துணியைப் பார்த்தபடி, எழுந்திருக்க முடியாமல் அவளே சிரித்தாள்.

நாலு பேர் தோளில் தொங்கிக்கொண்டிருந்த சிவபாண்டி அவளைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த வேகத்தில் இடுப்பு சுரீரென்று இழுத்தது.

"யாராச்சும் அவளத் தூக்கி விடுங்கப்பா," என்றான் ஊர் கேட்க. "எனக்குச் சிரிச்சா வலிக்குது."