வியாழக்கிழமை அப்பா

எங்கள் வீட்டில் யாருக்கும் பொய் சொல்ல வராது. குடும்பமாகச் சேர்ந்து சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான்; அதற்கும் ஒரு வாரம் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒத்திகையில் ஒரு தடவைகூடத் தப்பு செய்யாத ஒரே ஆள் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

எண்பதுகளில் ஓசூரைச் சுற்றிக் கம்பெனிகள் மளமளவென்று முளைத்துக்கொண்டிருந்தன. பர்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த அப்பா, வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லேத் மிஷினில் நின்றார். ஆறு வருடமாக டெம்பரரி. அவ்வப்போது வேலையை விட்டு நிறுத்துவார்கள், நாலு நாள் கழித்துப் புது ஆள் போல மறுபடியும் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாலு நாளும் அம்மா யாரிடமும் சரியாகப் பேசமாட்டாள். ஒருவழியாக அந்த வருடம் பர்மனெண்ட் லிஸ்டில் அப்பாவின் பெயர் வந்தது. மெடிக்கலில் தேறிவிட்டால் ஆர்டர் கையில். தேறாவிட்டால் இருக்கிற டெம்பரரியும் போய்விடும்.

அப்பா தேறமாட்டார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. பெங்களூரில் ஒரு பெரிய டாக்டர் நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய முடியும் என்று சொல்லியிருந்தார். நெஞ்சைத் திறப்பது என்ற பேச்சே எங்கள் சொந்தத்தில் யாரும் கேட்டறியாதது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. பார்க்க நன்றாகத்தான் இருப்பார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மட்டும் மூச்சு வாங்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவின் நெஞ்சில் ஏதோ கோளாறு, அது கம்பெனி டாக்டருக்குத் தெரியக்கூடாது என்பதுதான். அது போதுமானதாக இருந்தது.

யோசனை சித்தப்பாவுடையது. அவர் பர்கூரில் கல் குவாரியில் உளி பிடித்தவர். அப்பாவைவிட இரண்டு வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர். இருவருக்கும் ஒரே முகம். கம்பெனி பாஸில் ஒட்டியிருந்த அப்பாவின் போட்டோ மேல் மூக்கோடு சேர்த்து முத்திரை குத்தியிருந்தார்கள். அதில் இருப்பது அண்ணனா தம்பியா என்று எமனே வந்து பார்த்தாலும் தடுமாறியிருப்பான். அண்ணனுடைய யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு தம்பி போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

சிக்கல் ஒன்று இருந்தது. மெடிக்கல் நடக்கும் கம்பெனி டாக்டர் வீட்டில் அதே நாளில் குடும்பத்துக்கும் மருத்துவ அட்டை எழுதுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஆக, அம்மாவும் நானும் சித்தப்பாவோடு போகவேண்டும்; நான் அவரை அப்பா என்று கூப்பிட வேண்டும்.

அம்மாவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவளுக்கு வசனமே கிடையாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். யாராவது கேட்டால் பக்கத்திலிருக்கும் பிள்ளையைப் பார்ப்பார்கள், பிள்ளை சொல்லும். எல்லோருடைய பயமும் என்மேல்தான். அதனால் ஒரு வாரம் எங்கள் லைன் வீட்டின் ஒற்றை அறை டாக்டர் வீடாக மாறியது. அப்பா பழைய சைக்கிள் டியூபைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நிற்பார்.

"இவரு யாரு கண்ணு?" என்று அப்பா கேட்பார்.

"எங்கப்பா."

"அப்ப நான் யாரு?"

"நீங்க டாக்டர் சார்."

அப்பா சிரித்துவிடுவார். சித்தப்பாதான் முறைப்பார், டாக்டர் சிரிக்கக்கூடாது என்று. எனக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் என்னை எழுப்பமாட்டார்கள். இங்கே என்னவென்றால் மொத்தக் குடும்பமும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வியாழக்கிழமை காலை, அப்பா தன் காக்கிச் சட்டையைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். சித்தப்பாவுக்குத் தோளில் தையல் விடும்போல் இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். டவுன் பஸ்ஸில் நாலு பேருமாகப் போய் இறங்கினோம். டாக்டர் வீட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே பெஞ்சில் அம்மா ஒரு ஓரம், சித்தப்பா ஒரு ஓரம். நடுவில் நான். இரண்டு பேரும் என்னை ஒரு சுவராகவே பாவித்தார்கள். எங்களுக்கு முன்னால் அப்பாவோடு அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒருவர் வந்து காத்திருந்தார். சித்தப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்த டீக்கடை முதுகையும் பார்த்தார். பிறகு, "என்னப்பா, ஒரே வாரத்துல நல்லா தேறிட்டியே" என்று சொல்லிவிட்டு, நாங்கள் தாராளமாக உட்காரத் தள்ளி உட்கார்ந்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

டாக்டர் வயதானவர், கன்னடக்காரர். தமிழை மெதுவாக, உடைந்துவிடுமோ என்பதுபோல் பேசினார். புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் இனிஷியலோடு சொன்னேன். எடை பார்த்தார், கண் பார்த்தார். நின்ற இடத்திலேயே இருபது தடவை குதிக்கச் சொன்னார். சித்தப்பா நாற்பது குதித்தார். மேஜைமேல் மருந்து பாட்டில்கள் ஆடின. போதும் போதும் என்று டாக்டர் கையைக் காட்டிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னார். சித்தப்பா கழற்றினார். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், அம்மாவிடம் பணிவாக நீட்டினார்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் புடிங்க."

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. அம்மா தரையைப் பார்த்தாள். சித்தப்பாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. குவாரியில் பாறைக்குக் கீழே படுத்து வெடிமருந்து வைக்கிற ஆள், வாய் திறந்தபடி நின்றார். ஒரு வாரமாக என்னைப் போட்டு வறுத்தெடுத்தவர்களுக்கு இவரைப் பற்றி ஒரு சந்தேகமும் வரவில்லை பாருங்கள். அவர் வாழ்நாளில் அம்மாவை வேறு எந்த வார்த்தையாலும் கூப்பிட்டதில்லை. மரியாதைதான் காலை வாரிவிட்டது.

"ஏனப்பா, சம்சாரத்தை அண்ணின்னு கூப்பிடறே?" என்றார் டாக்டர்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். ஆறு வருட டெம்பரரி எனக்குத் தெரியாது, வால்வு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இவர்கள் கோட்டை விடுகிறார்கள், நான் இருக்கிறேன்.

"எங்க சித்தப்பா அப்படித்தான் சார் கூப்பிடுவாரு. கேட்டுக் கேட்டு அப்பாவுக்கும் அதே வந்துடுச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய வீட்டிலும் இதே கதைதானாம். மனைவியின் தம்பிகள் எல்லோரும் அக்கா அக்கா என்று கூப்பிட்டு, பெற்ற பிள்ளைகளும் அம்மாவை அக்கா என்றே கூப்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டே சித்தப்பாவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். கெட்டிக்காரக் குட்டி என்று என்னை அருகில் இழுத்து, குழலை என் காதில் மாட்டிவிட்டார்.

"கேளு, உங்கப்பா நெஞ்சு எப்படி ஓடுதுன்னு."

கேட்டேன். கல்லில் உளி இறங்குவதுபோல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் வீடு திரும்பும்போது அப்பா எனக்குப் பேக்கரியில் கார பன் வாங்கிக் கொடுத்தார். பஸ் முழுக்கச் சித்தப்பா தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தார். அப்பா என் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் எனக்குப் புதிதாகக் கற்ற வித்தையைக் காட்ட வேண்டியிருந்தது. கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தேன்.

"சித்தப்பாவுது டக் டக்னு போவுது. உன்னுது அப்படி இல்லப்பா. ஓடுது, நிக்குது, மறுபடியும் ஓடுது. நடுவுல யாரோ ஊதற மாதிரி இருக்குது."

"எது நல்லாருக்குது?"

"உன்னுதுதான். சித்தப்பாவுதுல ஒண்ணுமே இல்ல."

அப்பா என் தலையை அப்படியே நெஞ்சோடு கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போனாள். அடுப்பில் களி அடிப்பிடித்துவிடுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஆர்டர் வந்தது. அப்பா பதினான்கு மாதம் பர்மனெண்டாக இருந்தார். ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், எங்கள் தெருமுனைச் சிறுபாலத்தின் சுவரில் உட்கார்ந்தார். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் யாரோ வருவதற்காகக் காத்திருக்கிறார் என்று போகிறவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு மாதம் கழித்து, வேலையில் இருக்கும்போதே இறந்துபோன பர்மனெண்ட் தொழிலாளியின் மனைவி என்பதால், அம்மாவுக்கு அதே கம்பெனியில் பாக்கிங் செக்‌ஷனில் வேலை கொடுத்தார்கள். அந்த வேலைதான் என்னைப் படிக்கவைத்தது. அப்படி ஒரு விதி இருப்பது அப்பாவுக்கு முதலிலேயே தெரியும் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

சித்தப்பா குவாரியை விட்டு ஓசூருக்கே வந்துவிட்டார். என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விட்டது, பரீட்சைக்குப் பேனா வாங்கிக் கொடுத்தது, கல்யாணத்தில் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தது எல்லாம் அவர்தான். தான் போய் நெஞ்சைக் காட்டாமல் இருந்திருந்தால் அண்ணன் ஆபரேஷனுக்காவது ஒத்துக்கொண்டிருப்பான் என்று ரொம்ப வருடம் புலம்பிக்கொண்டிருந்தார். அம்மா ஒரே ஒரு தடவைதான் அதற்குப் பதில் சொன்னாள்: "அவரு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் உங்களை அனுப்புனாரு."

நான் சொன்ன பொய்யைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இன்றைக்கு அந்த டாக்டர் முன்னால் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன். அப்பாமேல்தான் கோபம் உண்டு. ஆர்டர் வந்த பிறகாவது பெங்களூருக்குப் போயிருக்கலாம். பதினான்கு மாதம் இருந்தது. ஒரு ஆளுக்குத் தன் நெஞ்சைக் காட்ட அதற்குமேல் என்ன அவகாசம் வேண்டும்? அவர் போன வயதைவிட எனக்கு இப்போது பத்து வயதுக்குமேல் கூடிவிட்டது. அந்த உரிமையில் மனதுக்குள் நன்றாகவே திட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் திட்ட வராது. களி தின்று முடித்து, சித்தப்பா பர்கூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தன் பூப்போட்ட சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வாசலில் குனிந்து செருப்பு மாட்டினார். அப்பா கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அவரு கிளம்பறாரு பாரு. போய்ட்டு வாங்கன்னு சொல்லு."

"போய்ட்டு வாங்க சித்தப்பா" என்றேன்.

"அப்படி இல்ல கண்ணு. டாக்டர்கிட்ட சொன்ன மாதிரி சொல்லு."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. எல்லாம் முடிந்துபோனது மறந்துவிட்டதா இவருக்கு? பரீட்சைதான் முடிந்துவிட்டதே, நாம்தான் பாஸாகிவிட்டோமே என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆமாம், பாஸாகிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் விடவில்லை. பழக்கம் விட்டுப்போகக்கூடாது, சும்மா ஒரு தடவை சொல்லு என்றார். கார பன் வாங்கிக் கொடுத்தவர் ஆசைப்படுகிறார், சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது? வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னேன்.

"போய்ட்டு வாங்கப்பா."

சித்தப்பா திரும்பவில்லை. ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாகக் குனிந்தது குனிந்தபடியே இருந்தார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கக் கத்த மூச்சை இழுத்தேன். அப்பா என் தோளில் கை வைத்தார்.

"போதும் கண்ணு. அவருக்குக் கேட்டுடுச்சு."

கேட்டுவிட்டதென்றால் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருந்தேன்.