கருகிய மூலைப் பக்கம்

அந்தக் கடையின் குளிர் கவுண்ட்டரில் நிற்பவரைத் தெருவே சீவல்காரர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. உப்பில் ஊறிக் காய்ந்த பன்றித் தொடையை மெஷினில் பூட்டி அவர் சீவினால், சீவலுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும். வேறு கடைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினால், "இது பஸ் நிறுத்தத்துக் கடைக்காரன் கை, அவசரக்காரன்" என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மனுஷன் பதினோரு வருஷமாகச் சொந்த வீட்டில் எதைப் பார்க்காமல் இருந்தார் என்பதுதான் இங்கே சமாச்சாரம்.

தொடையின் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும், வாயில் வைத்தால் கரையும். எலும்பை ஒட்டிய கடைசித் துண்டு கறுத்து, இறுகி, உப்பு மொத்தத்தையும் தன்னிடம் வைத்திருக்கும். சலாமி என்கிற உருட்டு இறைச்சியின் நுனி, சீஸின் தோல் ஒட்டிய விளிம்பு எல்லாம் அதே ஜாதி. விற்காது. கவுண்ட்டரில் இதற்கெல்லாம் சேர்த்து ஓரம் என்று பேர். ஓரம் வேலையாட்களுக்கு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் சீவல்காரர் கொஞ்சம் நடுத்துண்டை விலைக்கு வாங்குவார், ஒரு பிடி ஓரத்தைச் சும்மா எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் மரப் பலகையைத் துடைத்து வைப்பார். அந்தப் பலகைக்கு ஒரு மூலை கருகியிருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டாள். அன்றைக்கு நடந்த சண்டை இங்கே வேண்டாம். கருகிய மூலைப் பக்கம் அவருக்கு, எதிர்ப்பக்கம் அவளுக்கு. நடுவில் அத்திப்பழ ஜாம் கிண்ணம். ஊறிய வெள்ளரித் துண்டுகளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துத்தான் வைப்பார், சாறு ஓடினால் எல்லாம் பாழ். கெட்டிச் சீஸை முக்கோணமாக நறுக்குவார், மெத்துச் சீஸை முழுசாக விட்டுப் பக்கத்தில் கத்தி வைப்பார். நடுத்துண்டுச் சீவல்களைத் தட்டையாகப் பரப்பாமல், காற்றுப் போகிற மாதிரி தளர மடித்து அவள் பக்கம் அடுக்குவார். ஓரமெல்லாம் தன் பக்கம். மிச்ச இடைவெளிகளில் வால்நட். பிஸ்கட் தனித் தட்டில். சீஸ் கொஞ்சம் இளகட்டும் என்று மேஜையில் விட்டுவிட்டு, கடையின் இறைச்சிவாடை போகக் குளிக்கப் போவார்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவர் பக்கத்து ஓரம் ஒன்றுகூட இருக்காது. மனைவியின் கன்னம் உப்பியிருக்கும்.

"பசி பொறுக்காத ஜென்மம்டி நீ! அதுவும் என் பக்கத்துலயா கை வெக்கணும்?"

"நல்லாருந்துச்சு, தின்னுட்டேன். இப்ப என்ன? இந்தப் பக்கம் வாங்க" என்பாள்.

இரண்டு பேரும் நடுத்துண்டைப் பங்கு போட்டுத் தின்பார்கள். பதினோரு வருஷமாக வாராவாரம் இதே திட்டு, இதே பதில். உலகத்திலேயே தனக்கென்று இருக்கிற நாற்காலி அந்தப் பலகைக்கு முன்னால் இருப்பதுதான் என்று சீவல்காரர் மனசுக்குள் நினைத்துக்கொள்வார். வாய்விட்டுச் சொல்கிற ஆளில்லை.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. நான்கு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவன் மறுபடி அதே கடைக்கு வந்து சேர்ந்தான். அவளும் அவனும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களாம். அவளை அவன் பாஸ் என்று கூப்பிடுவானாம். அவ்வளவுதான், வீட்டில் எதை எடுத்தாலும் லென்ஸ்காரன். "இன்னைக்கு அவன் ஒண்ணு சொன்னான் பாருங்க, வயிறு வலிக்கச் சிரிச்சேன்." சீவல்காரருக்கும் வயிறு வலித்தது, வேறு மாதிரி. ஏன், நமக்குச் சிரிக்க வைக்கத் தெரியாதா என்று சாசேஜைப் பற்றி ஒரு ஜோக்கை எடுத்துவிட்டார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இதைப் போன மாசமும் சொன்னீங்க" என்றாள்.

மூன்று வாரம் இப்படிப் புகைந்துகொண்டிருந்த மனுஷனிடம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்து கேட்டாள் பாருங்கள்.

"நாளைக்கு மத்தியானம் கடையை மூடிட்டுப் புது மெஷினைப் பூட்டணும். நானும் அவனும் மட்டும்தான். சாப்பிட வெளிய போக முடியாது. ரெண்டு பேருக்கு ஒரு பலகை போட்டுக் கொடுங்களேன்."

"எந்தப் பலகை?"

"எந்தப் பலகையா? நம்ம வீட்டுல எத்தனை பலகை இருக்கு?"

"கடையில அட்டைப்பெட்டி இருக்கு. அதுல அடுக்கித் தர்றேன்."

"அட்டைப்பெட்டியில அழகா இருக்காதுங்க."

அழகாக இருக்க வேண்டுமாம்! யாருக்கு அழகு? சீவல்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வாய், "சரி, போட்டுத் தர்றேன்" என்றது. பொறாமைக்காரர்கள் இப்படித்தான், கேட்டதற்கு உடனே சம்மதிப்பார்கள்.

புதன்கிழமை காலையில் சமையலறையில் நின்று அவர் போட்ட பலகை மாதிரி அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. மனைவி பக்கத்தில் தொடையின் நட்டநடுத் துண்டு, உடையாத வால்நட், பார்த்துப் பார்த்து வைத்த சீஸ். கருகிய மூலைப் பக்கத்தில் எலும்போடு ஒட்டியிருந்த ஓரத்திலேயே கடைந்தெடுத்த ஓரம், சலாமி நுனிகள், சீஸ் தோல். அத்தனையையும் அதே அழகோடு மடித்து அடுக்கி, மேலே போர்வை மாதிரி ஒரே ஒரு நல்ல சீவலைப் போர்த்திவிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். மெல்லட்டும், மென்று தாடை கழன்று போகட்டும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே துணியில் கட்டிக் கொடுத்தார்.

"கருகின மூலை அவன் பக்கம் இருக்கட்டும்."

"ஏன்?"

"கரி ஒட்டும். உன்னோடது லென்ஸைத் தொடுற கை."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றைக்குக் கவுண்ட்டரில் நின்றவர் சீவல்காரர் இல்லை, வேறு யாரோ. இந்நேரம் பிரித்திருப்பார்கள், இந்நேரம் உட்கார்ந்திருப்பார்கள், இந்நேரம் அவன் என்னத்தையோ சொல்ல இவள் சிரித்துக்கொண்டிருப்பாள். மெஷின் பாட்டுக்கு ஓடியது. வாடிக்கைக்கார அம்மாள் ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, செருப்புத் தோல் மாதிரி சீவியிருக்கீங்க?" என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் வேலையில் இப்படி ஒரு வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மனைவி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றவாக்கிலேயே மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"பலகை எங்க?"

"அங்கயே இருக்கு. நாளைக்கு உங்க கடைப் பக்கம் வரும்போது அவனே கொண்டாந்து தர்றேன்னான்."

"எப்படி இருந்துச்சாம் அவனுக்கு?"

"ரொம்ப நல்லாருந்துச்சாம்" என்று சொல்லிவிட்டு நான்காவது டம்ளரை எடுத்தாள்.

சீவல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த ஓரத்தைத் தின்றவன் நல்லாருக்கு என்று சொன்னானென்றால், ஒன்று அவனுக்கு நாக்கு இல்லை, இல்லையென்றால் இவளோடு உட்கார்ந்து எதைத் தின்றாலும் அவனுக்கு இனிக்கிறது. இரண்டாவதுதான் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் லென்ஸ்காரன் கழுவித் துடைத்த பலகையோடு கவுண்ட்டருக்கே வந்தான். சினிமாக் கதாநாயகன் மாதிரி எவனையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால், குட்டையாக, காதுக்கு மேல் மட்டும் முடி உள்ள ஒரு ஆள் சிரித்தபடி நின்றான். இவனுக்கா அந்தச் சிரிப்பு சிரித்தாள்! எரிச்சல் குறைவதற்குப் பதில் ஏறித்தான் போனது.

"அண்ணே, உங்க கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்ணே. அந்த நடுத்துண்டு வாயில வெச்சதும் காணாமப் போயிருச்சு."

"நடுத்துண்டா? நீங்க கருகின மூலைப் பக்கம்தானே உட்கார்ந்தீங்க?"

"ஆமாண்ணே. நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பாஸ் என் பக்கத்து ஓரத்தையெல்லாம் ஒரு பிடி பிடிச்சுட்டாங்க. கண்ணுல தண்ணி வருது, ஆனா விடல. ஏன் பாஸ் நல்லதை விட்டுட்டு ஓரத்தையே திங்கிறீங்கன்னு கேட்டேன். வீட்டுலயும் இதே பழக்கம்தான்னாங்க."

சீவல்காரரின் கை மெஷின் மேலேயே நின்றது. "ஏன்னு சொன்னாளா?"

"சொன்னாங்க. என்னண்ணே, உங்களுக்குத் தெரியாததா!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவருக்குத் தெரியாது! அதுதானே வயிற்றெரிச்சல். தன் வீட்டுக்குள் பதினோரு வருஷமாக இருக்கிற ஒரு சங்கதி நேற்று வந்த வழுக்கைத் தலையனுக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் மானம் போகிறது. மனைவியிடம் கேட்கலாம் என்றால் அதற்கும் மானம் போகிறது. வெள்ளிக்கிழமை முழுக்க அவளிடம் அவர் பேசியது இரண்டே வார்த்தை. இரண்டும் "ம்".

சனிக்கிழமை வழக்கம்போலப் பலகையைப் போட்டார். ஓரத்தைத் தன் பக்கம் வைத்தார். குளிக்கப் போகவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"குளிக்கலையா?"

"இல்ல."

"நாத்தம் அடிக்குது."

"அடிக்கட்டும்."

அவள் கை பலகை வரைக்கும் வந்து, திரும்பிப் போனது. அவர் அதைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் அடக்க முடியவில்லை.

"அவன்கிட்டச் சொல்லியிருக்கே. கட்டுன புருஷன்கிட்டச் சொல்லல."

"எதை?"

"நீ ஏன் ஓரத்தைத் திங்கிறேங்கிறதை."

அவள் புடவைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"அவன் கேட்டான், சொன்னேன். முதல் தடவை பாத்தப்பவே கேட்டுட்டான். நீங்க பதினோரு வருஷமா பசி பொறுக்காத ஜென்மம்னு திட்டுனீங்களே தவிர, ஏன்டின்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அவர் ஜாம் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். அவள் விடவில்லை.

"புதன்கிழமை அந்த உப்பு என் நாக்கையே பொசுக்கிடுச்சு. அது யாருக்கு வெச்சதுன்னு எனக்குத் தெரியாதா? போர்வை போர்த்துன மாதிரி மேல ஒரு நல்ல சீவல் வேற! யாரு பாஸ் இவ்வளவு அழகா அடுக்கினதுன்னு அவன் கேட்டான். என் வீட்டுக்காரர்னு பெருமையாச் சொல்லிட்டேன். அப்புறம் என்ன பண்றது, சொன்ன வாயிலயே அத்தனையையும் போட்டு மென்னேன். உங்க கைவேலையை அவன் ஒரு வார்த்தை குறை சொல்லிடக் கூடாதுன்னு."

சீவல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, இப்பக் கேட்கிறேன். வீட்டுல ஏன்?" என்றார்.

"நாள் பூரா நின்னுக்கிட்டே ஊருக்கெல்லாம் நடுத்துண்டு சீவிக் கொடுக்கிற மனுஷன், வீட்டுக்கு வந்து ஓரத்தை மெல்லணுமா? எனக்குப் பொறுக்கல. நீங்க நல்லதை எனக்கு வெப்பீங்க, சொன்னாக் கேட்க மாட்டீங்க. அதான் நீங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். அவ்வளவுதான்."

"இதையேதான் அவன்கிட்டயும் சொன்னியா?"

"இதையேதான்."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்களை நெனச்சா அவனுக்குப் பொறாமையா இருக்காம்."

சீவல்காரர் எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்கப் போகும் முன், கருகிய மூலையிலிருந்து எலும்போரத் துண்டு ஒன்றை எடுத்து, அவள் கை நீளுவதற்குள் வாயில் போட்டு மென்றார். உப்பு கண் வரைக்கும் ஏறியது.