தேன் என்று எழுதிய அட்டை

2004-ல் நாங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரும்புலியூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேசினால் திக்கும். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'ப்ரெசன்ட் மிஸ்' சொல்லக்கூட வாய் திறப்பதில்லை என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இப்படியே பேச்சை விட்டுவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

நான் கொஞ்சம் கறார் பேர்வழி. வசம்பைச் சுட்டுத் தேனில் உரசி நாக்கில் தேய்த்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் தாமதம், மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலையில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். பிறகு தன் பெயரைப் பத்துத் தடவை திக்காமல் சொல்ல வேண்டும். திக்கினால் மறுபடி ஒரு தேய்ப்பு. காரத்தில் கண்ணீர் கொட்டும். "தேன் சேர்த்துத்தானே தர்றேன், இன்னாடி நடிப்பு?" என்று அதட்டுவேன்.

ஒரு வருடம் போயும் பலனில்லை. கடைசியில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த மேடம், அட்டைக்கு ஒரு சொல்லாகக் காட்டிப் படிக்கச் சொன்னார். பஸ், பென்சில், பாம்பு என்று லேசாகத் திக்கினாலும் படித்துக்கொண்டே வந்தாள். இருட்டுக்கே பயப்படுகிறவள், 'பேய்' அட்டையைச் சிரித்துக்கொண்டு படித்தாள்!

அடுத்த அட்டை 'தேன்'.

"தே... தே..." அவ்வளவுதான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மேடம் பதறவில்லை. அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு தேர், தேள், தேங்காய் என்று காட்டினார். கொஞ்ச நேரத்தில் மூன்றையும் படித்துவிட்டாள்.

"எழுத்துல கஷ்டம் இல்லீங்க. அந்த வார்த்தையைப் பார்த்ததும் மனசுல ஏதோ பயம் வருது. பயம் வந்தா இந்தப் பசங்களுக்குத் திக்கல் ஜாஸ்தியாயிடும். வீட்ல தேன் வெச்சு ஏதாவது பண்றீங்களா?"

"வ... வசம்பு..." என்றேன். அன்று அந்த அறையில் நானும்தான் திக்கினேன்.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் மேம்பாலப் படியில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நா... நாளைக்கும் தே... தே..." வழக்கமாக நானே முடித்துவிடுவேன். அன்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று காத்திருந்தேன்.

"...தேன் உண்டா?"

"இனிமே கிடையாதுடி கண்ணு." அவளைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவிலும் வெட்கமில்லாமல் அழுதேன்.

இன்று அவள் வேலைக்குப் போகிறாள். எப்போதாவது திக்கும், அவளே முடிக்கட்டும் என்று இருந்துவிடுவேன். ஆனாலும் மருந்து, மருந்து என்று ஒரு வருடமாக அவள் நாக்கில் நான் தடவியது பயத்தைத்தான் என்று நினைத்தால், இன்றும் கடையில் தேன் பாட்டிலை எடுக்க என் கை நீளுவதில்லை.