கழிவு: நாய் முடி, வாரம் இரண்டு சாக்கு

நனைந்த நாயின் காதுக்குள் பஞ்சு சுற்றிய சுண்டுவிரலை விட்டுத் துடைத்தபடி, "இந்தா முடிஞ்சிடுச்சு சார். இன்னொரு காதை மட்டும் குடுங்க" என்கிறாள் என் மருமகள். ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பாதி நாய், தரையில் மீதி நாய். அத்தனை பெரியது. அதுவும் தலையைத் திருப்பி மறு காதை நீட்டுகிறது. நான் பெற்றவர்களில் ஒருவராவது என் பேச்சுக்கு இப்படிக் காது கொடுத்ததுண்டா?

நாய் குளிப்பாட்டுவது அவள் தொழில். குளிப்பாட்டி, சிக்கெடுத்து, முடி கத்தரித்து, நகம் நறுக்கி, உலர்த்தி, சொந்தக்காரரே அடையாளம் தெரியாமல் விழிக்கிற அளவுக்கு அழகாக்கி ஒப்படைப்பாள். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் 'நாய் அக்கா'. எனக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. அவளுக்கு அதில் பெருமை.

மனிதர்களிடம் அவளுக்கு வாய்த் துடுக்கு. என் மகனை "ஏய், இங்க வா" என்பாள். என்னையே "அத்தை, சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுவாள். நாய்களுக்கு மட்டும் வாங்க, போங்க. ஆண் என்றால் சார், பெண் என்றால் மேடம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சுருக்கென்றது. ஒருநாள் மனம் கேட்காமல் கேட்டேவிட்டேன்.

"நீ கடிக்க மாட்டியே அத்தை" என்றாள்.

அன்றோடு அந்த 'வா' எனக்குப் பழகிவிட்டது.

கடிக்கிற நாய் வந்தால் அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறாள். கண்ணை நேராகப் பார்க்க மாட்டாள். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்வாள், ஏதோ தானும் குளிக்க வந்தவள் மாதிரி. எங்கோ பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, அதன் தாடைக்குக் கீழே மெல்லக் கொண்டுபோவாள். "வாங்க சார், உக்காருங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்பாள். நாய் உறுமும். யோசிக்கும். பிறகு தாடையை அந்தக் கையில் இறக்கி வைக்கும். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் வெளியே வரும். மேலேயிருந்து வருகிற கையைத்தான் நாய் கடிக்குமாம்; கீழேயிருந்து வருகிற கையைக் கடிக்க அதற்குத் தோன்றாதாம். முன்கையில் தழும்புகள் இல்லாமல் இல்லை. கேட்டால், "அதெல்லாம் கத்துக்கிட்ட காலத்துல" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்டவளை நடுங்கவைக்க ஒன்றே ஒன்று இருந்தது. வரி ஆபீசிலிருந்து வருகிற பழுப்பு உறை.

வந்தால் பிரிக்க மாட்டாள். இரண்டு விரலால் தூக்கிப்போய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, கடிநாய்களுக்குப் போடும் வாய்ப்பூட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிடுவாள். "இனிமே கடிக்காது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் தண்ணீர் எடுக்கப் போனால்கூட நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். கணக்குக் கொடுக்க வேண்டிய தேதி வந்தது, போனது. உறைமேல் உறை ஏறி, வாய்ப்பூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அப்போது தொழில் நடந்தது எங்கள் வீட்டுக் குளியலறையில். வீடு இருப்பது மாடியில். குளித்துவிட்டு இறங்குகிற நாய் லிஃப்ட்டுக்குள் உடம்பை உதறினால் கூட நிற்பவர் கதி என்ன? கட்டடத்துக்காரர்கள் கூட்டம் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து வெளி நாய் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அன்றைக்கு இவள் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடவில்லை.

தெருமுனையில் ஒரு கடை காலியாக இருந்தது. முன்பு அலங்கார மீன் விற்ற கடை. சுவரில் ஆளுயரத்துக்கு டைல்ஸ், தரையில் தண்ணீர் ஓட நல்ல வாட்டம், மூலையில் பெரிய வடிகால், பக்கத்திலேயே குழாய். இவளுக்கென்றே கட்டியது மாதிரி இருந்தது. போகும்போதும் வரும்போதும் ஷட்டர் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பாள். சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். மீன்காரன் வாடகை பாக்கி வைத்துவிட்டுக் கம்பி நீட்டியதில் மனிதர் உஷாராகிவிட்டார். வரிக் கணக்கு முடித்த தாளைக் காட்டினால் சாவி; மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் கடை செல்போன்காரனுக்கு. கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாய்ப்பூட்டை இறக்கினாள்.

என் மகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி ரோட்டில் இருப்பவன். ஏஜெண்ட் யாரிடமாவது கொடுத்துவிடு என்று போனில் சொன்னான். "என் நாயை நானே புடிச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கையைத் துடைத்து, படிவத்தை விரித்தாள். என்னையும் எதிரில் உட்காரச் சொன்னாள். வருமானம் என்ற இடத்தில் ஒரு காசு மறைக்காமல் எழுதினாள். அடுத்த பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு கட்டம். படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"கழிவு என்னென்னன்னு கேக்கறாங்க அத்தை."

"நமக்கென்ன கழிவு? முடிதான்" என்றேன்.

நகத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். ஒரு கைப்பிடி தேறாது என்று விட்டுவிட்டாள். ஊரைச் சுத்தமாக வைத்திருக்க அரசாங்கம் எவ்வளவு பாடுபடுகிறது என்று இரண்டு பேரும் மெச்சிக்கொண்டோம். முத்து முத்தான கையெழுத்தில் அவள் எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினாள்: 'நாய் முடி. வாரம் இரண்டு சாக்கு. வாயைக் கட்டி, குப்பை வண்டியில் முறையாகச் சேர்த்துவிடுகிறோம்.'

கழிவு என்றால் கழித்துப் போட்டது, குப்பை. என் கருத்து இன்றைக்கும் மாறவில்லை. வேறு எதையோ கேட்க வேண்டியிருந்தால் வேறு சொல்லில் கேட்டிருக்க வேண்டும்.

பதில் சீக்கிரமே வந்தது. வந்த பணம் மொத்தமும் லாபம் என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் வரியும், தாமதத்துக்கு அபராதமும் போட்டிருந்தார்கள். அதைக் கட்டினால் கடைக்குச் சேர்த்துவைத்த முன்பணம் துடைத்துப்போய்விடும். கட்டாவிட்டால் தாள் கிடைக்காது. அன்று வந்த வெள்ளைக் குட்டிக்கு வால் முடி ஒரு பக்கம் கூடுதலாகப் போயிற்று. அவள் கை தவறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் வரி ஆபீசுக்குப் போனோம். தனியாகப் போக மாட்டேன் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள். எங்களுக்கு வாய்த்தது ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு மேஜையெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறவர். கடைசியில் அகப்பட்டது. படிவத்தை எடுத்துப் படித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு எழுந்துபோய்ப் பக்கத்து மேஜையில் காட்டினார். அங்கேயும் தோள்கள் குலுங்கின.

என் மருமகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு சாக்குதான். சந்தேகமா இருந்தா வந்து பாத்துக்கோ" என்றாள். வரி ஆபீசிலும் வா, போதான்.

அந்த அம்மாள் நல்லவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "கழிவுன்னா குப்பை இல்லம்மா. தொழிலுக்காக நீங்க பண்ணின செலவு. அதை வருமானத்துல கழிச்சிட்டு, மிச்சத்துக்குத்தான் வரி."

இவள் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப்போட்டாள்.

"அப்ப ஷாம்பு?"

"கழிவு."

"கத்தரிக்கோல்?"

"அதுவும் கழிவு."

"முடி உலர்த்துற மெஷின்?"

"கழிவுதாம்மா."

ஒவ்வொரு கழிவுக்கும் இவள் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. தவறுதலாக எழுதியதைத் திருத்திக் கொடுக்க இன்னும் கெடு இருக்கிறதாம். ரசீது வேண்டும், ரசீது இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார். இவள் என்னைப் பார்த்தாள். நான் இவளைப் பார்த்தேன். எழுந்துவிட்டோம்.

ரசீது எப்படி இல்லாமல் போகும்? வாங்குகிற சாமானின் ரசீதுக்குப் பின்பக்கத்தில்தான் அவள் நாய்களின் குணத்தை எழுதிவைப்பது வழக்கம். ஒன்றையும் எறிந்ததில்லை. குளியலறை அலமாரியில் ஒரு பழைய டப்பா நிறைய அடைத்து வைத்திருந்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிப் போய் அந்த அம்மாள் மேஜையில் கவிழ்த்தாள்.

அவர் முன்பக்கம் பார்ப்பார், தொகையைத் தட்டுவார். பின்பக்கம் திருப்புவார், வாய்விட்டுப் படிப்பார். 'வலது காதைத் தொடாதே.' 'வால் பிடித்தால் கோபம்.' 'நாய் தங்கம், சொந்தக்காரர் கடிப்பார்.' இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிறகு வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் என்று நினைக்க வேண்டாம். பிஸ்கட் ரசீது வந்ததும் புருவம் ஏறியது. வீட்டுக்கு வாங்கியதாக இருக்குமோ என்று சந்தேகம். இவள் கைப்பையில் எப்போதும் கிடக்கிற நாய் பிஸ்கட் ஒன்றை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினாள். முகர்ந்தவர் மறு பேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டார். நாய் கடித்துக் கிழித்த பேண்ட்டுக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார். உடுத்துகிற துணி எல்லோருக்கும் பொதுவாம். இவள் வாதாடிப் பார்த்தாள், நானும் வாதாடினேன், நடக்கவில்லை. அந்தப் பேண்ட் விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. தண்ணீர் ஏறாத மேலங்கி சேர்ந்தது. நாய்க்கடி ஊசிக்கு மேலதிகாரி அறைக்குள் போய்க் கேட்டு வந்து, "சேத்துக்கலாம்" என்றார். இவள் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டத் தயாராக இருந்தாள், தேவைப்படவில்லை.

தண்ணீர்க் கட்டணத்தில்தான் கொஞ்சம் இழுபறி. அது வீட்டுக் குளியலறைதானே, வீட்டில் இருப்பவர்களும் குளிப்பார்களே என்றார்.

"குளிப்போம். எல்லா நாயும் குளிச்ச பிறகு" என்றேன் நான். "வரிசையில நாங்கதான் கடைசி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதியைக் கழித்தார்.

மொத்தமும் கூட்டி, கழித்து, தாளைத் திருப்பிக் காட்டினார். எனக்கு எழுத்துத் தெரியாது. முட்டை தெரியும். வரி என்ற இடத்தில் முழுசாக ஒரு முட்டை உட்கார்ந்திருந்தது. அபராதம் மட்டும் நின்றது. தாமதம் தாமதம்தானே என்று முகம் சுளிக்காமல் அங்கேயே கட்டினாள். முத்திரை விழுகிற சத்தம் கேட்டதும் என் முழங்கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்த இடம் இரண்டு நாள் கன்றிக் கிடந்தது.

தாளை மடிக்கவே இல்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நேராகப் பல் டாக்டரிடம் போனாள். வாய் திறந்தபடி ஒரு நோயாளி நாற்காலியில் சாய்ந்திருக்க, அவர் தலைக்கு மேலாகவே தாளை நீட்டினாள். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டு, கையுறையோடு இழுப்பறையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். நோயாளிதான் முதலில் கை தட்டினார் என்று இவள் சொல்கிறாள். வாயில் அத்தனை பஞ்சை வைத்துக்கொண்டு கை தட்டுவாரோ என்னவோ, நான் வாசலில் நின்றிருந்தேன்.

இப்போது அந்தக் கடையில்தான் எனக்கும் ஒரு ஸ்டூல். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சாக்கில் போடுவது என் பொறுப்பு. வாரம் இரண்டு சாக்கு மூன்றாகிவிட்டது. "அத்தை, கழிவை எடு" என்பாள். எதைக் கேட்கிறாள் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும்.

போன வாரம் தபால்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்து, வாசல் மேஜைமேல் ஒரு பழுப்பு உறையை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷத்துக் கணக்கு. நான் வாய்ப்பூட்டு தொங்குகிற ஆணியைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. மடியிலிருந்த பெரிய நாயை, "ஒரு நிமிஷம் சார்" என்று நகர்த்திவிட்டு எழுந்தாள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள். மேஜைப் பக்கம் போய், உறையை நேராகப் பார்க்காமல், உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து அதன் அடியில் மெல்லக் கொண்டுபோனாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்றாள். மறு கை கத்தரிக்கோலை எடுத்தது.