ஆறாம் மாடியிலிருந்து வந்த பதில்

சட்டை தைக்கும் ஆலையில் அவளைப் பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். காஜா போடும் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் தலை நிமிரமாட்டாள். வாயும் லேசில் திறக்காது. அப்பேர்ப்பட்டவளுக்கு மத்தியான இடைவேளையில் மட்டும் முகம் மலர்ந்துவிடும். புருஷன் மெசேஜ் போடுவான்.

"சாப்டியா? முதுகு வலி எப்படி இருக்கு?" கூடவே வரிசையாக ரோஜாப்பூ.

புருஷன் பெயிண்டர். உயரமான கட்டிடங்களுக்கு வெளியே பலகையில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பவன். வீட்டில் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எதைக் கேட்டாலும் 'ம்'. சில மனுஷருக்கு எழுத்தில்தான் பாசம் வரும் போல என்று அவளும் மனசைத் தேற்றி வைத்திருந்தாள்.

வினை பக்கத்து மெஷின் அக்கா வாயிலிருந்து வந்தது.

"என் வீட்டுக்காரர் தரையில வேன் ஓட்டுறாரு, அவருக்கே பதில் போட நேரமில்ல. உன் ஆளு அந்தரத்துல தொங்கிக்கிட்டு எப்படிடி பூ அனுப்புறாரு?"

பட்டனுக்குச் சுருக்கென்றது. மேலே ஏறுமுன் போனைக் கீழேயே கொடுத்துவிட வேண்டும் என்று அவனே சொல்லியிருக்கிறான். எவனோ நழுவவிட்ட போன் கீழே நின்ற காரின் கண்ணாடியை உடைத்ததிலிருந்து அப்படியொரு கட்டளை. அப்படியானால் பகலெல்லாம் அந்தப் போன் யார் கையில் இருக்கிறது?

சாயங்காலம் அவன் குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு வந்த மெசேஜ் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தான். கேட்டால் 'ம்' என்பான். கேட்கவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நேரே கட்டிடத்துக்கே போனாள். மணல் லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றாள். போன் ஒரு பெண்ணின் கையில் இருந்தால் இந்தக் குடித்தனம் இன்றோடு சரி. அவன் நம்பருக்கு மெசேஜ் போட்டாள்: "நான் உங்கள விட்டுப் போறேன்."

போன் ஒலித்தது. ஒலித்த இடம், பலகையை ஏற்றி இறக்கும் கயிற்றுக்காரரின் சட்டைப் பை. பெரிய மீசை, பெரிய தொந்தி. அவர் படித்தார், திடுக்கிட்டார், அண்ணாந்து கத்தினார்.

"மாப்ள! உன் பொண்டாட்டி உன்ன விட்டுப் போறாளாம்டா!"

கட்டிடத்தில் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுபோனது.

"எங்க?" ஆறாம் மாடியிலிருந்து குரல்.

"அதப் போடலையே!"

"போகாதன்னு போடு மச்சான்! முதுகு வலிக்கு தைலம் வாங்கி வெச்சிருக்கேன்னு போடு!"

"மெதுவாச் சொல்லுடா, நான் தட்ட வேணாமா? பூ போடவா?"

"பூவ வெச்சு நீ என் மானத்த வாங்குனது போதும்! அதப் பாத்தாலே கூச்சமா இருக்கு, அழிச்சிட்டுத்தான் தினமும் வீட்டுக்குப் போறேன்!"

அடப் பாவி மனுஷா! இத்தனை நாளும் அத்தனை பாசத்தையும் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் சொல்லியிருக்கிறான். கேட்காதவள் அவள் ஒருத்திதான்.

பட்டன் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் மேலே பலகை ஆடியது.

"இறக்கு மச்சான், இறக்கு!"

"இறக்காதீங்கண்ணே," என்றாள் பட்டன். "தினமும் உங்க கையால பேசுறாரு. இன்னிக்கு அவரு வாயால எங்கிட்ட பேசட்டும். அப்புறம் இறக்கலாம்."

கயிற்றுக்காரருக்கு மீசைக்குள் சிரிப்பு. கயிற்றைக் கம்பத்தில் இன்னொரு சுற்று சுற்றினார். "கட்டிட்டேன்டா மாப்ள!"

ஜன்னல்கள் திறந்தன. கொத்தனார்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். பெயிண்டர் தொண்டையைச் செருமினான்.

"சாப்டியா?"

"காதுல விழல!"

"சாப்டியான்னு கேட்டேன்!" தெருவே திரும்பிப் பார்த்தது. "முதுகு வலி எப்படி இருக்கு?"

"இப்பத் தேவல!"

நாலாம் மாடியில் யாரோ விசில் அடித்தார்கள். பட்டன் கையைக் கட்டிக்கொண்டாள்.

"பூ எங்க?"

அவன் நாலு பக்கமும் பார்த்தான். மேஸ்திரியைக் காணவில்லை. ஜன்னல் ஓரத்துக்கு வைத்திருந்த சிவப்பு பெயிண்டில் பிரஷ்ஷை முக்கி, அன்று காலைதான் அடித்து முடித்த வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பூ வரைந்தான். ரோஜா என்று நினைத்துக்கொண்டால் ரோஜா, இல்லையென்றால் முட்டைக்கோஸ்.

கொத்தனார்கள் கரண்டியால் சட்டியைத் தட்டினார்கள். பட்டன் தலையைப் பின்னால் சாய்த்து அதை ஆசைதீரப் பார்த்தாள்.

"இப்ப இறக்குங்கண்ணே."